களப்பில் நிற்கும் வள்ளம்

ஒட்டுசுட்டான் மர ஆலையில் வாள் ஓடிக்கொண்டிருந்ததால், ரீற்றா அக்கா தொலைபேசியில் சொன்னது முதலில் எனக்குக் கேட்கவில்லை. வெளியே வந்து, "என்னக்கா, திருப்பிச் சொல்லுங்கோ" என்றேன். "அண்ணை மோசம் போயிட்டார், தம்பி. விடிய எழும்பேல்லை" என்றார். அடுத்த மூச்சிலேயே, "வள்ளம் அப்பிடியே நிக்குது" என்று அழுதார்.

முல்லைத்தீவுக் கரையில் மர வள்ளம் வைத்திருந்த எவருக்கும் சூசை அண்ணையைத் தெரியும். வெடித்த பலகையோ புழு துளைத்த பலகையோ, எதைக் கொண்டுபோனாலும் முதலில் திட்டுவார், பிறகுதான் தொடுவார். "வள்ளத்தை இப்பிடி வைச்சிருக்கிறவன் பெண்சாதியை எப்பிடி வைச்சிருப்பான்?" என்ற கேள்வியை உங்களில் பலர் வாங்கியிருப்பீர்கள். நான் காட்டுப்பக்கத்து ஆள். மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறியவர்களின் பிள்ளை. அவருக்கு மரம் கொடுக்கப் போய், சண்டை பிடித்துப் பிடித்தே கூட்டாளியானேன். வள்ளத்தில் ஏறினால் எனக்குத் தலை சுற்றும். அதைச் சொல்லிச் சிரிக்காவிட்டால் அவருக்குத் தேநீர் இறங்காது.

ரீற்றா அக்கா அவருடைய தங்கை. போரில் இடம்பெயர்வதற்கு முன் அக்காவின் கணவர் தம் வள்ளத்தில் மண்ணை நிரப்பி, மணல்மேடு கடலிலிருந்து மறித்து வைத்திருக்கும் களப்புத் தண்ணீருக்குள் அமிழ்த்தி வைத்தார். தண்ணீருக்குள் கிடந்தால் பலகை காய்ந்து பிளக்காது, திரும்பி வந்து எடுக்கலாம் என்று கரை ஆட்கள் செய்வதுதான். அவர் திரும்பி வரவில்லை. மற்றவர்கள் மீள்குடியேறிப் பல காலத்துக்குப் பிறகு, களப்பு வற்றிய ஒரு கோடையில்தான் சேற்றுக்குள் வள்ளத்தின் மூக்குத் தெரிந்தது. அதைத் தோண்டி எடுத்த அன்று சூசை அண்ணை தங்கைக்கு வாக்குக் கொடுத்தார். "உன்ர மகன் அன்டன் இனி மற்ற ஆக்களின்ர போட்டில கூலிக்குப் போகவேண்டாம். நத்தார்ப் பண்டிகைக்கு முதல் இதைக் கடலில இறக்கித் தாறன்."

களப்புக் கரையில் நிழல் இருந்ததால் அங்கேயே வேலையைத் தொடங்கினோம். பலகைகள் எல்லாவற்றையும் மாற்றினோம். வள்ளத்தின் முதுகெலும்பான அடிக்கட்டை உள்ளே உக்கியிருந்தது. நல்ல வேம்பு ஒன்று கொண்டுபோய், "இதைப் போடுங்கோ அண்ணை" என்று கெஞ்சினேன். "அதையும் மாத்தினால் பிறகு எதைக் காட்டி மச்சானின்ர வள்ளம் எண்டு சொல்லுறது? தண்ணியில மிதக்க இது காணும்" என்றார். அவர் சொன்னது சரிதான். வள்ளம் அழகாக மிதந்தது. ஆனால் மணலில் இழுத்தாலோ தூக்கினாலோ நடுவில் முறியும். மாரியில் களப்பு நிறையும், ஊர் கூடி மணல்மேட்டை வெட்டி முகத்துவாரத்தைத் திறக்கும், வள்ளம் தானாகக் கடலுக்குப் போகும் என்று அவர் நம்பினார். நானும் நம்பினேன்.

அந்த மாரி பொய்த்தது. தண்ணீர் நிறையாமல் வெட்டினால் கடல் ஓரிரவில் மணலைக் கொண்டுவந்து அடைத்துவிடும். அடுத்த மாரியில் தண்ணீர் வந்தது. களப்பில் இறால் பிடிப்பவர்கள், இறால் வளரும்வரை வெட்டவேண்டாம் என்றார்கள். அவர்களுக்கும் வயிறு இருக்கிறது. அவர்கள் சம்மதித்தபோது தண்ணீர் இறங்கிவிட்டது. அடிக்கட்டையை இனி மாற்றுவதென்றால் வள்ளத்தையே பிரிக்கவேண்டும். மேட்டுக்கு அப்பால் கடல் இரைந்துகொண்டே இருந்தது.

சூசை அண்ணை வேறு வேலைகளைக் கையால் தொடவில்லை. வெயிலில் மேற்பலகை காயாமல் வாளியால் தண்ணீர் ஊற்றிக்கொண்டு அங்கேயே இருந்தார். "எனக்கு வெளியில போக வழியில்லை, ராசு" என்றார் ஒருநாள். "ஆர் உங்களைக் கட்டி வைச்சது?" என்று கேட்டேன். "நான்தான்" என்றார். 

பிறகு ஒரு ஹோட்டல்காரர் வந்தார். வள்ளத்தை வாசலில் வைத்து, மண் போட்டுப் பூ நடப்போகிறாராம். அந்தக் காசில் அன்டனுக்கு ஒரு பழைய போட் எடுக்கலாமென்று அக்காவுக்குக் கொடுக்க ஓரளவு மனம் இருந்தது. "குடுத்துத் துலையுங்கோ அண்ணை. முறிஞ்சால்தான் பூச்சட்டிக்கு என்ன?" என்றேன். "வேண்டாம்" என்றார். அதற்குப் பிறகு என்னுடன் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பிடிவாதக்காரர். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் ரீற்றா அக்கா கதிரையை இழுத்து எனக்கு முன்னால் இருந்தார். "ஹோட்டல்காரர் திரும்பவும் கேட்டவர். நானும் களைச்சுப் போனன். இனி நீங்கள் சொல்லுறதுதான், தம்பி." பதில் என்னிடம் ஆயத்தமாக இருந்தது, அண்ணையிடம் அத்தனை நாளாகச் சொன்ன அதே பதில். அன்டன் வாசலில் நின்று என் வாயையே பார்த்தான். "வேண்டாம் அக்கா" என்றேன்.

அக்கா கதிரையைப் பின்னால் தள்ளி எழும்பினார். "அப்ப நீங்களும் அதுக்குள்ள வந்திட்டியள்" என்றார்.

இப்போது ஒட்டுசுட்டானிலிருந்து பஸ் ஏறிப் போய்ப் பலகைக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். முகத்துவாரம் மூடிக் கிடக்கிறது. அன்டன் இன்னும் பிறர் படகில்தான் போகிறான். அது என் வாயால் வந்தது. சூசை அண்ணையை அறிந்தவர்களே, அவருடைய உளிகளை மருமகன் அன்டனிடம் கொடுத்துவிட்டேன். என்னிடம் இருப்பது அவருடைய 'வேண்டாம்' ஒன்றுதான். அதை எங்கே இறக்கி வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.