மாலூரிலிருந்து வந்தவர்கள்

அம்மா விடியும் முன்பே ரயிலேறிவிடுவாள். பெங்களூரில் கார்மென்ட்ஸ் கம்பெனியில் தையல் வேலை. அப்பாவுக்கும் அங்கேதான் வாட்ச்மேன் உத்தியோகம். மாதம் ஒருமுறை வருவார். கர்நாடகத்துத் தங்கச் சுரங்கத்தில் வேலை செய்த தமிழர்களுக்கு அந்தக் காலத்தில் கட்டிய சாம்பியன் ரீப்ஸ் லைன் வீட்டில் நானும் பூட்டும்தான். ஆனாலும் எனக்குக் குறை தெரியவில்லை. எதிர்வீட்டு அத்தை, சொந்த அத்தை இல்லை, கூப்பிட்டுப் பழகிய அத்தை, பள்ளி விட்டதும் என்னைத் தன் மகளோடு உட்காரவைத்துச் சோறு போடுவாள். அம்மா வரும்வரை அதுதான் என் வீடு. எனக்கு அப்போது ஒன்பது வயது.

அந்த வருஷம் காவிரித் தகராறு மறுபடி கிளம்பியது. அத்தையின் மகன் பெங்களூரில் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தான். ஒருநாள் நடுரோட்டில் வண்டியை மறித்து அவனைப் பேசச் சொன்னார்கள். கன்னடம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பயத்தில் தமிழ்தான் வந்தது. கையை உடைத்து அனுப்பினார்கள்.

அதன் பிறகு ரயிலில் பெண்கள் பெட்டியே இரண்டாகிவிட்டதாம். எங்கள் ஊர்ப் பெண்கள் ஒரு பக்கம், மாலூரில் ஏறும் கன்னடப் பெண்கள் மறுபக்கம். அம்மா எழுந்து போய் அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். அவளுக்குப் பக்கத்து மெஷினில் தைக்கும் ஒரு பெண் அங்கே இருந்தாள். நான் அவளை மாலூர் அம்மா என்பேன். அடிபட்டவர்கள் வீட்டுக்கு நேரில் போவது என்று இருவரும் முடிவு செய்தார்கள். இங்கேயும், அங்கேயும். எல்லைக்கு அப்பால் தமிழர்களிடம் கல்லடிபட்ட கன்னட லாரி டிரைவர் ஒருவரின் வீடு மாலூர்ப் பக்கத்தில் இருந்தது.

முதல் ஞாயிறு மாலூர் அம்மாவும் இன்னும் நான்கு பெண்களும் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து இறங்கினார்கள். நாங்கள் ஸ்டேஷனிலிருந்து அழைத்து வந்தோம். எங்கள் சந்தில் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. அத்தை மட்டும் வாசலை மறித்து நின்றாள்.

"இன்னா பாக்க வந்தாங்க? கை நல்லா ஒடிஞ்சிதா இல்லியான்னா?"

மாலூர் அம்மா தெரிந்த தமிழில் மெதுவாகச் சொன்னாள்: "அடிச்சவன் யாரோ எனக்குத் தெரியல்லம்மா. ஆனா எங்க பீதியில, தெருவுல, அத சந்தோஷமா பேசினாங்க. கேட்டுட்டு வீட்ல உக்கார முடியல."

அத்தை கதவைச் சாத்தினாள். அந்த ஐந்து பேரும் வெயிலில் நெடுநேரம் நின்றார்கள். பிறகு எங்கள் வீட்டில், இந்தச் சந்துக்கே போதும் என்று அம்மா ஆக்கி வைத்திருந்த சோற்றில் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு ரயிலுக்குப் போனார்கள். மீந்ததை நாங்கள் இரண்டு நாள் சாப்பிட்டோம்.

திங்கட்கிழமை பள்ளி விட்டு வந்தபோது அத்தை வீட்டுக் கதவு எனக்கும் திறக்கவில்லை. அவள் மகள் ஜன்னலில் நின்று என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். குழாயடியில் அம்மாவின் குடத்தை யாரும் முன்னால் தள்ளவில்லை. அப்பா போனில் கத்தினார்: "உனுக்கு இன்னாத்துக்கு இந்த வேலை?" அம்மா போனைக் காதில் வைத்தபடியே அரிசி களைந்தாள். மாலை வேளைகளில் நான் பூட்டிய வீட்டின் படியில் உட்கார்ந்து, சுரங்கக் கழிவின் வெள்ளை மண்மேட்டின் பின்னால் வெயில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கிருந்த ஒரு வீட்டையும் அம்மா பிடுங்கிக்கொண்டாள் என்றுதான் நினைத்தேன்.

மாலூர்ப் பெண்கள் அடுத்த ஞாயிறும் வந்து நின்றார்கள். அதற்கடுத்த ஞாயிறு மாலூர் அம்மா மட்டும் வந்தாள். அன்று அத்தை கதவைத் திறந்து, "வெயில்ல நிக்காதீங்க, உள்ள வாங்க" என்றாள். அம்மாவும் பின்னாலேயே படியேறினாள். அத்தை அவள் முகத்தைப் பார்க்காமலே கதவைச் சாத்தினாள். வந்தவளை மன்னிக்க அத்தைக்கு மூன்று ஞாயிறு போதுமாக இருந்தது. கூட்டி வந்தவளை மன்னிக்கப் போதவில்லை. உள்ளே என்ன பேசினார்களோ தெரியாது. மாலூர் அம்மா கண்ணைத் துடைத்தபடி வெளியே வந்தாள்.

பிறகு அம்மாவின் முறை. அந்த லாரி டிரைவர் வீட்டுக்கு வரும்படி ஒவ்வொரு வாசலாகக் கேட்டாள். யாரும் வரவில்லை. தனியாகப் போனாள்.

சாயங்கால ரயிலில் திரும்பியபோது அவள் முதுகெல்லாம் சேறு.

"இன்னாம்மா ஆச்சு?"

"வழுக்கி வுழுந்துட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல நாள் கழித்து அன்றுதான் சிரித்தேன். அம்மாவும் கூடவே சிரித்தாள். அரைக் குடம் தண்ணீரில் புடவையை அலசினாள். நான் ஒரு முனையைப் பிடித்துப் பிழிந்தேன். அடுத்த ஞாயிறு அதே புடவையைக் கட்டிக்கொண்டு மறுபடி கிளம்பினாள். "வழுக்காம நடம்மா" என்று வாசலில் நின்று சொல்லி அனுப்பினேன்.

அந்த வருஷம் மாலூரிலும் மழை இல்லை, எங்களூரிலும் இல்லை. ஆற்றுத் தண்ணீருக்காக இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டதே அதனால்தான். அப்படியிருக்க, வழுக்கி விழும் அளவுக்குச் சேறு எங்கிருந்து வந்தது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.