கண்ணாடிச் சுவர்

கோயில் திருப்பணிக்குக் கடுக்காய்த் தண்ணீர் விட்டுச் சுண்ணாம்பு அரைக்கும் வாசனை இன்று மூக்கில் பட்டதும், காரைக்குடியில் எங்கள் தெருவில் இருந்த, பின்னாளில் இடிபட்டுக் கடைகளாகிவிட்ட அந்தச் செட்டியார் வீட்டு மதில் கண்முன் வந்து நின்றது. சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசி, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து, முகம் தெரியும்படி ஆக்கிய சுவர். வழி கேட்பவர்களுக்குக்கூட, "கண்ணாடிச் சுவரத் தாண்டி அங்குட்டுப் போங்க" என்றுதான் சொல்வார்கள். பர்மாத் தேக்கு ஏற்றிய வண்டிகள் போய்ப் போய் அதன் மேல் செம்மண் புழுதி படிந்துவிடும்; ஊருணிக்குத் தண்ணீர் எடுக்கப் போகிற பெண்கள் முந்தானையால் முகத்தளவுக்குத் துடைத்து, பொட்டைச் சரிசெய்துகொண்டு நடப்பார்கள். எங்கள் வீட்டில் கண்ணாடி கிடையாது. அம்மாவும் அங்கேதான் முகம் பார்ப்பாள்.

ஒருநாள் காலை அம்மா துடைத்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்கார ஆச்சி வெளியே வந்துவிட்டார். அம்மா பதறிப்போய்க் குடத்தைத் தூக்கினாள்.

"ஏன் ஆத்தா ஓடுற? நல்லா நின்னு பாத்துட்டுப் போ. பாத்தா சுவரு தேஞ்சா போயிரும்?" என்றார் ஆச்சி. பக்கத்தில் எட்டாமல் எம்பிக்கொண்டிருந்த என்னையும் ஒரு பார்வை பார்த்தார்.

அந்த வீட்டுக்குள் ஆளுயரக் கண்ணாடிகள் இருந்தனவாம், நான் பார்த்ததில்லை. மறுநாள் நாங்கள் போனபோது, பெண்களின் முக உயரத்தில் சுவர் முன்னதாகவே துடைத்து வைக்கப்பட்டிருந்தது. அதற்கு நேர் கீழே, இடுப்பளவு உயரத்தில், இன்னொரு சின்ன வட்டமும் பளபளத்தது. அம்மா பின்னிவிட்ட சடையோடு என் முகத்தை முதன்முதலாக அதில்தான் பார்த்தேன்.