கேட்ச் கேனில் பால் காபி!

பிள்ளைப்பாக்கத்தில் வீடு, பக்கத்திலேயே எனக்குக் கம்பெனி வேலை. ஆசையாக வாங்கிய பழைய காரில் தினமும் போய்வந்தேன். ஒரு மார்கழிக் காலையில், என்ஜினின் எண்ணெய் ஆவியைப் பிடிக்கும் கேட்ச் கேனைக் கழற்றினால், உள்ளே பால் காபி மாதிரி நுரை! என்ஜினுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது என்று அழுதேவிட்டேன். “வித்துடலாம்” என்றார் கணவர்.

பயந்துகொண்டே தண்டலம் மெக்கானிக்கிடம் ஓட்டிப் போனோம். என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் நீரின் அளவைப் பார்த்துவிட்டு அவர் சிரித்தார். “கூலன்ட் கொறையவே இல்லக்கா. தம்மாத்தூண்டு தூரம் ஓட்டினா என்ஜின் எங்க சூடாவும்? உள்ள கீற ஈர ஆவிதான் பனிக்கு வேர்த்து எண்ணெயோட கலந்துக்கினு கீது. நல்லா தூரமா ஓட்டுங்க.”

இப்போது வாரம்தோறும் கேனைக் காலி செய்துவிடுகிறேன். ஞாயிறு காலையில் நான் காஞ்சிபுரம் வரை ஓட்ட, கணவர் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறார். ஆளுக்கொரு ஷிப்டில் ஓடும் எங்களுக்கு, நிதானமாகப் பேசிக்கொள்ள ஒரு வழி கிடைத்திருக்கிறது.