பேக்கப் எடுத்து வைப்பவர்

அறந்தாங்கியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தார் அவர். தேய்த்த வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. கீபோர்டைத் தொடுமுன் ஒவ்வொரு முறையும் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொள்வார்.

என் லேப்டாப்பில் புதிய ஓ.எஸ். போடக் கொடுத்திருந்தேன். இருப்பிடம், மைக், கேமரா எதற்கும் அனுமதி வேண்டாம் என்றேன்.

"நம்மளையெல்லாம் யாரு பாக்கப் போறாங்கக்கா?" என்று சிரித்தபடி எல்லாவற்றுக்கும் சம்மதம் கொடுத்தார்.

என் படங்களைத் திரும்ப ஏற்றுவதற்காகத் தன் கம்ப்யூட்டரைத் திறந்தார். அதில் 'அரிமளம் டீச்சர்', 'துபாய்க்காரர் வீடு' என்று வரிசையாக ஃபோல்டர்கள். கடைசியாக 'திருவரங்குளம் அக்கா'. அது நான்.

"இதெல்லாம் என்னங்க?"

"வேலைக்கு வந்த மெஷின்கள்ல எடுத்த பேக்கப்புதாங்கக்கா. எதையும் அழிக்கிறதில்ல. டீச்சர் வீட்டு போட்டோவெல்லாம் அருமையா இருக்கும், பாக்குறீங்களா?"

என் மகளின் படங்களையும் இவர் இப்படித்தானே காட்டுவார்?

"என்னோடத இப்பவே அழிங்க. மத்தவங்களோடதையும் அழிங்க," என்றேன்.

"ஒங்களோடத மட்டும் அழிக்கிறேன்," என்றார் கோபமில்லாமல். அழிப்பதற்கு அவருடைய பாஸ்வேர்டைக் கேட்டது கம்ப்யூட்டர். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கொஞ்சம் அங்கிட்டுத் திரும்பிக்கங்கக்கா."

அந்தக் குரலில் உண்மையாகவே கூச்சம் இருந்தது. அதுதான் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.