பீரோ திறக்கும் வரை சிம்மில் வைக்கவும்

என் மனைவி சமையலுக்குக் கடிகாரம் பார்த்தவள் இல்லை. சோற்றுக்குக் காது, குழம்புக்கு மூக்கு, கேக்குக்கு மட்டும் ஒரு துப்பறியும் நாவல். அந்த நாவலில் ஓர் இளைஞன் மஞ்சள் பையோடு ரயிலைவிட்டு இறங்கும்போது குக்கரை மூடுவாள். மலைமேல் ஒரு பங்களாவில் இன்ஸ்பெக்டர் பீரோவைத் திறக்கும்போது அடுப்பை அணைப்பாள். இடையில் இளைஞன் செத்திருப்பான், கேக் வெந்திருக்கும்.

இது எனக்கு அவள் போன பிறகுதான் தெரிய வந்தது. கேக்கை அடுப்பில் வைத்துவிட்டுப் பொழுது போகாமல் படிக்கிறாள் என்றே நினைத்திருந்தேன். எங்கள் வீட்டில் வாசகன் என்ற பட்டம் என்னுடையது. என் புத்தகங்கள் கண்ணாடி அலமாரியில் இருக்கும். அவற்றில் பல முன்னுரை வரைக்கும் படிக்கப்பட்டவை. அவளுடைய ஒரே நாவல் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு பக்கம் பழைய புத்தகக் கடையில் வாங்கியது. அட்டை போய், ஃப்ரிட்ஜின் தலைமேல் மிக்ஸி மூடிகளோடு கிடக்கும்.

"கொலைகாரன் யாருன்னு தெரிஞ்ச கதையை எதுக்குத் திரும்பத் திரும்பப் படிக்கிற?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கொலைகாரன் கிடக்கட்டுங்க. இந்தத் தடவையாவது அந்தப் பையன் கதவைத் தட்டாம திரும்பிப் போறானான்னு பாக்கறேன்."

அச்சான கதையில் யாரும் திரும்பிப் போவதில்லை என்று ஒரு சிறு சொற்பொழிவு ஆற்றினேன். அவள் பக்கத்தைப் புரட்டினாள்.

போன மழைக்காலத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை. காரியம் முடிந்ததும் எங்கள் ஒரே மகள் பையை எடுத்துக்கொண்டு அம்பத்தூரில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஆபீஸ் பக்கம், அலைச்சல் மிச்சம் என்பது காரணம். நாங்கள் இருக்கும் வானகரத்துக்கும் அம்பத்தூருக்கும் நடுவே கடலா இருக்கிறது? என்னை ஹோட்டலில் பார்ப்பாள், கோயில் வாசலில் பார்ப்பாள், மெட்ரோ தூணுக்கடியில் வண்டியை நிறுத்திக்கொண்டு மாத்திரை வாங்கிக் கொடுப்பாள். வீட்டுக்கு மட்டும் வரமாட்டாள்.

"உள்ள வந்தா அம்மா கிச்சன்ல இருக்கிற மாதிரியே இருக்குப்பா. இல்லங்கறதவிட அது கஷ்டமா இருக்கு" என்றாள் ஒருநாள்.

எனக்கும் அப்படித்தான் என்று நான் அவளிடம் சொல்லவில்லை. சில மாலைகளில், வெயில் சாயும் நேரத்தில், சூடான பாலில் பேரீச்சம்பழம் ஊறும் வாசனை சமையலறையிலிருந்து வரும். எழுந்து போய்ப் பார்ப்பேன். அடுப்பு குளிர்ந்திருக்கும். பேய் பிசாசில் நம்பிக்கையற்றவன் என்று மேடை போட்டுச் சொல்லக்கூடியவன் நான். ஆனாலும் பால் பாத்திரத்தைத் திறந்து மோந்து பார்த்திருக்கிறேன். எதிர்வீட்டுக்காரர்மேல் சந்தேகம் வந்தது. இந்த அடுக்ககம் நிற்கும் இடத்தில் நெல் போட்ட குடும்பத்துக்காரர் அவர். நிலத்துக்குப் பதிலாகக் கிடைத்த வீட்டில் குடியிருக்கிறார். உங்கள் வீட்டில் கேக் செய்கிறீர்களா என்று விசாரித்தேன்.

"நம்ம ஊட்ல இன்னா கேக்கு அண்ணாத்தே? நானே உன்னாண்ட கேக்கணும்னு இருந்தேன். அந்த வாசன எனக்கும் வர்துபா. அண்ணி வந்துகீறாங்களோன்னு பேஜாரா பூடுது."

அவர் அப்படிச் சொல்லாமல் இருந்திருக்கலாம். பைத்தியம் ஒருவனுக்கு மட்டும் என்றால் மருந்து உண்டு.

இந்த நிலையில்தான் மகள் போனில் சொன்னாள்: "அம்மா பிறந்தநாளுக்கு வீட்டுக்கு வரேன்பா. ஆனா கேக் கடையில வாங்காதீங்க. அம்மா பண்ற பேரீச்சம்பழக் கேக் நீங்க பண்ணுங்க. பண்ணா வரேன்."

வீட்டுக்கு வருகிறேன் என்று அவள் சொல்லி நான் கேட்பது அதுதான் முதல் தடவை. சம்மதித்துவிட்டுத்தான் எனக்கு வெந்நீர் வைக்கவே பயம் என்பது நினைவுக்கு வந்தது.

கலவை ஒன்றும் பெரிய வித்தை இல்லை, மகள் போனிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டாள். கொட்டை எடுத்த பேரீச்சம்பழத்தைச் சூடான பாலில் ஊறவைத்து அரைக்க வேண்டும். அதில் சர்க்கரையும் எண்ணெயும் அடித்துச் சேர்த்து, சலித்த மைதாவையும் ஒரு சிட்டிகை சோடா உப்பையும் போட்டு ஒரே பக்கமாகக் கிளற வேண்டும். குக்கரின் அடியில் கல்லுப்பைப் பரப்பி, மேலே வளையம் வைத்து, அதன்மேல் பாத்திரம். கேஸ்கட்டும் கூடாது, வெயிட்டும் கூடாது. அப்புறம் சிம். நடுவில் மூடியைத் திறந்தால் கேக் அமுங்கிவிடும் என்பது அவள் சட்டம். முதல் தடவை நான் திறந்து திறந்து பார்த்தேன். கேக் பள்ளமாகி, நடுவில் ஒரு குளம் வெட்டியது போல வந்தது.

எதிர்வீட்டுக்காரர் ஒரு துண்டை விரலால் அழுத்திப் பார்த்தார். "மெட்ரோ தூணுக்கு ஊத்துவாங்களே, அத்து மாதிரி கீது நைனா. செட்டாவறதுக்கு இன்னும் நாளாவும்."

மகளுக்குப் போன் செய்து, எவ்வளவு நேரம் வைப்பாள் என்று கேட்டேன்.

"நேரமா? அம்மா எப்பப்பா கடிகாரம் பாத்தாங்க? பையன் ரயிலவிட்டு எறங்கினதும் மூடுவாங்க, பீரோ திறந்ததும் நிறுத்துவாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

இத்தனை வருடம் அந்தச் சமையலறைக்கு அடுத்த அறையில் உட்கார்ந்து உலக இலக்கியம் படித்தவனுக்குத் தெரியவில்லை.

மறுபடி கலந்து, அடுப்பில் வைத்து, நாவலை எடுத்தேன். வாசிப்பில் நான் வேகமானவன். பத்தி பத்தியாகத் தாண்டிப் போவதை விமர்சனப் பார்வை என்று சொல்லிக்கொள்வேன். இன்ஸ்பெக்டர் எனக்காகப் பறந்து வந்து பீரோவைத் திறந்தார். அடுப்பை அணைத்தேன். கிடைத்தது களி. எதிர்வீட்டுக்காரர் மரியாதைக்காக ஸ்பூன் கேட்டு வாங்கினார்.

அப்போதுதான் அந்தப் பக்கங்களைச் சரியாகப் பார்த்தேன். ஓரங்களில் எண்ணெய்க் கறை, அவள் கட்டைவிரல் அளவில். சில பக்கங்களில் ஒன்றே ஒன்று. சில பக்கங்களில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, தாள் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. அங்கெல்லாம் அவள் நின்றிருக்கிறாள். கொலைகாரனை விட்டுவிட்டு வாசகியின் கைரேகையைத் தேடிய துப்பறிவாளன் நானாகத்தான் இருப்பேன். என் விரலை அந்தக் கறைமேல் வைத்துப் பார்த்தேன். பெரியதாக இருந்தது, எடுத்துவிட்டேன்.

பிறந்தநாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பின் கலவையைக் குக்கரில் வைத்தேன். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "இந்தபா, இன்னிக்காவது கரெக்ட்டா வுடு. பொண்ணு வர்துல்ல?" என்று சொல்லிப் போனார். வாசல் கதவைத் திறந்தே வைத்தேன். இளைஞன் ரயிலைவிட்டு இறங்கினான். மூடியைப் போட்டேன்.

தாண்டிப் போகக்கூடாது என்பதற்காகச் சத்தமாகப் படித்தேன். கறை இல்லாத இடத்தில் நிற்காமல், கறை உள்ள இடத்தில் நின்று. முதலில் என் குரல் எனக்கே பிரசங்கம் போலக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அது தணிந்துவிட்டது. ஒரு வரியின் நடுவே என் நாக்கு 'த்சு' கொட்டியது. எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அவளுக்கு உண்டு. பேரீச்சம்பழ வாசனை எழுந்தது. இந்த முறை அடுப்பிலிருந்துதான் வந்தது, அல்லது அப்படித்தான் நான் வைத்துக்கொண்டேன்.

இளைஞன் மலையேறிப் பங்களா வாசலில் வந்து நின்றான். அந்தப் பக்கம் முழுக்கவே கறை. நானும் நின்றேன். நிமிர்ந்தபோது, வாசற்படிக்கு வெளியே செருப்போடு என் மகள் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. முகம் வெளுத்திருந்தது.

"லிஃப்ட்லேர்ந்து வரும்போதே கேட்டுச்சுப்பா. நீங்கன்னு தெரியல."

"உள்ள வா."

"கேக் அடுப்புல இருக்கு. படிங்க."

படித்தேன். இளைஞன் கதவைத் தட்டினான், எப்போதும் போல. அவள் வெளியே நின்றாள், நான் உள்ளே படித்தேன். ஒரு கொலை நடந்தது, போலீஸ் வந்தது. திரும்பிப் போய்விடுவாளோ என்ற பயத்தில் வரிகள் கண்ணுக்குள் ஓடின. கறை வந்தால் நிற்கிற விதியை மட்டும் விடவில்லை. பீரோ திறந்தது. அடுப்பை அணைத்தேன்.

ஆறவைக்கப் பொறுமை இல்லை. தட்டில் கவிழ்த்து ஒரு துண்டு வெட்டினேன். உள்ளே வெந்திருந்தது, நிறம் கறுத்த தேன். தட்டோடு ஏந்திக்கொண்டு வாசலுக்குப் போனேன். படிக்கு வெளியே நின்றபடியே வாயில் போட்டாள். மெதுவாக மென்றாள்.

"இது அம்மா கேக் இல்லப்பா."

"வெந்திருக்கே" என்றேன், அதுதான் வாயில் வந்தது.

"நல்லா வெந்திருக்கு. ஆனா வேற மாதிரி இருக்கு. அடி லேசா கசக்குது." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்படியே அம்மா பண்ற மாதிரியே இருந்திருந்தா இங்கேர்ந்தே திரும்பிப் போயிருப்பேன். வழி முழுக்க அந்தப் பயம்தான். அம்மா இன்னும் உள்ள நின்னு பண்ணிட்டே இருக்காங்கன்னு ஆயிடும்ல? இது நீங்க பண்ணது. உங்களுக்குத்தான் இவ்வளவு மோசமா வரும்."

இப்படி ஒரு பாராட்டு என் சொற்பொழிவுகளுக்குக்கூடக் கிடைத்ததில்லை.

செருப்பைக் கழற்றினாள். படி தாண்டும்போது சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைத் தாழ்த்திக்கொண்டாள். நானும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. தட்டிலிருந்து இன்னொரு துண்டைப் பிய்த்து எடுத்துக்கொண்டாள்.

"என் ரூம்ல ஃபேன் ஓடுதா?"

"ஓடும். சத்தம் போடும்."

"போடட்டும். ராத்திரி இங்கதான் இருக்கேன். நாளைக்கு இங்கேர்ந்தே ஆபீஸ் போறேன்" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனாள். சுவிட்ச் போடும் சத்தம் கேட்டது. பல மாதமாக நின்றிருந்த அந்த மின்விசிறி இரண்டு மூன்று முறை முனகிவிட்டுச் சுற்றத் தொடங்கியது.