மணியம் வைத்த நிபந்தனை

இன்று காலை சிங்கப்பூர் தேக்காவில் என் வீட்டிலிருந்தே, மலேசியாவின் ஜோகூரில் மெத்தடோன் சிகிச்சையில் இருக்கும் பதினொரு பேருக்கு ஸூமில், கல்லீரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் பற்றி வகுப்பெடுத்தேன். ஹெராயினை விட்டுவிட்டு, தினமும் தாதியின் கண்முன் மருந்தைக் குடித்துவிட்டுப் போகிறவர்கள்.

தமிழில் சொல்ல வேறு ஆள் கிடைக்கவில்லையாம். கிடைத்திருந்தால் என்னை யார் கூப்பிடப் போகிறார்கள்?

ஊசியைப் பகிர்ந்தவர்கள் ரத்தம் சோதிக்க வேண்டும், ஒருவருக்கு 'பி' வகை இருந்தால் கூடப்பிறந்தவர்களும் சோதிக்க வேண்டும் என்றேன்.

மணியம் (பெயரை மாற்றியிருக்கிறேன்) கையைத் தூக்கினார். "சார், நீங்க டெஸ்ட் எடுத்தாச்சா?"

"இது என்னைப் பத்தி இல்லீங்க."

"பாத்தீங்களா, சாருக்கே பயம் லா!"

எல்லோரும் சிரித்தார்கள். தாதி மட்டும் சிரிக்கவில்லை. "மணியம் அண்ணே, ரெண்டு வருஷமா கெஞ்சறேன். இப்ப கண்ணே மஞ்சளாயிடுச்சு."

"சார் மொதல்ல எடுத்து ரிசல்ட்ட காட்டட்டும். மறுநாளே நான் எடுக்கறேன்."

பத்துப் பேரும் கைதட்டினார்கள். எனக்குத் தப்பிக்க வழியில்லை.

என் அண்ணனுக்கு 'பி' இருக்கிறது. "நீயும் பாத்துக்கடா" என்று ஆறு வருடங்களுக்கு முன்பே சொன்னான். அவன் சொன்னான் என்பதற்காகவே நான் போகவில்லை. இப்போது போனால் அவன் ஜெயித்துவிடுவான். போகாவிட்டால் மணியமும் போகமாட்டார். அந்த மஞ்சள் கண் திரையிலேயே தெரிந்தது.

நாளைக் காலைக்குப் பாலிகிளினிக்கில் பதிவு செய்துவிட்டேன்.

ரத்தம் எடுக்கும்போது எந்தப் பக்கம் பார்ப்பது நல்லது என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். அண்ணன் மட்டும் சொல்ல வேண்டாம்.