தெருவில் படாத தோல்

சிட்லபாக்கம் ஏரிக்குப் பின்னாலிருந்த காலனியில் பட்டாபிராமனுக்கு இரண்டு பெயர். ஆபீஸிலும் ரயிலிலும் அக்கவுண்ட்ஸ் பட்டாபி. காலனியில், அவர் காதுக்கு எட்டாத தூரத்தில், தோல் பட்டாபி. சந்தியாவந்தனம் தவறாத மனிதர் லீவு நாளானால் கிணற்றடி ஷெட்டில் உட்கார்ந்து, ஆட்டுத் தோலையும் எருமைத் தோலையும் மடியில் போட்டுக்கொண்டு தைத்தால் ஊர் வேறென்ன பெயர் வைக்கும்? ஆனால் கைக்கடிகார ஸ்ட்ராப் அறுந்துபோனால் அதே ஊர்தான் கொல்லைப்புறமாக வந்து பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும்.

அவர் ஆசைப்பட்டுத் தோலைத் தொட்டவரில்லை. ஒரே மகள் பாலாம்பாளுக்குக் குழந்தையிலேயே போலியோ வந்து இடது கால் சூம்பிப் போயிற்று. தொடையிலிருந்து பாதம் வரை இரண்டு இரும்புக் கம்பி, அதைக் காலோடு பிடித்து வைக்கத் தோல் பட்டைகள், அடியில் ஒரு பூட்ஸ். காலிப்பர் என்பார்கள். எண்பத்து மூன்றில், அவள் ஆறாவது படிக்கும்போது, பட்டையின் விளிம்பு தொடையை அறுத்துப் புண்ணாக்கியது. காலிப்பர் செய்தவன் மாற்றிக் கொடுத்த பட்டையும் அப்படித்தான் அறுத்தது. குழந்தை வாயைத் திறந்து அழவில்லை. அழுதிருந்தால் பட்டாபிராமனுக்கு மனசு கொஞ்சமாவது ஆறியிருக்கும்.

காலை ரயிலில் அவரோடு வரும் ஜெபராஜ், பல்லாவரத்தில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் வேலை பார்ப்பவர். காலை அறுத்த பட்டையைப் பட்டாபிராமன் அவரிடம் காட்டினார்.

"இது குரோம் மருந்து போட்ட தோலு சார். மெத்துனு கீதேன்னு போட்டுட்டானுங்கோ. வேர்வையில வழுக்கும். ஆவாரம்பட்டை போட்டுப் பதம் பண்ணது வேணும் உங்களுக்கு. மேல ஒரு சொட்டுத் தண்ணி வுட்டுப் பாருங்க. உள்ள இழுத்துக்கினு கருத்துச்சுன்னா அதான். நனைச்சுக் கட்டினா கால் எப்படிக் கீதோ அப்படியே வளைஞ்சு நிக்கும்."

மறுநாள் ஒரு துண்டும் கொண்டு வந்து கொடுத்தார். மற்றதெல்லாம் பட்டாபிராமன் கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டதுதான். முதல் பட்டையை மிருகத்தின் வயிற்றுப் பக்கத் தோலில் வெட்டினார். அது ஒரே மாதத்தில் இழுபட்டுத் தொளதொளத்தது. முதுகுப் பக்கம்தான் இழுபடாது என்று பிறகு தெரிந்தது. கத்தி மொண்ணையானால் தோலைவிட விரல்தான் அதிகம் வெட்டுப்படும் என்பதும் தெரிந்தது. அன்றிலிருந்து சாணைக்கல் கிணற்றடியிலேயே கிடந்தது. மிஷின் தையலில் ஓரிடம் விட்டால் முழுக்கப் பிரிந்துவிடும். குத்தூசியால் துளை போட்டு, மெழுகு தடவிய ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் இரண்டு பக்கமிருந்தும் இழுத்துத் தைத்தால் ஓரிடம் அறுந்தாலும் மற்ற தையல் நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலே அந்த விளிம்பு. அதைச் சாய்வாகச் சீவி, ஈரத் துணியால் துடைத்து, வழவழப்பான மரக்குச்சியால் சூடு பறக்கத் தேய்த்து, மெழுகு பூச வேண்டும். விளிம்பு உருண்டதும் பாலாவின் புண் ஆறிவிட்டது. அந்தச் சின்ன விஷயத்தைக் காசு வாங்கிக்கொண்டு செய்தவன் ஏன் செய்யவில்லை என்று பட்டாபிராமன் கடைசிவரை பொருமினார். நியாயமான பொருமல்தான்.

மனைவி திரிபுரசுந்தரிக்கு இது ஒன்றும் ரசிக்கவில்லை. "தோலைத் தொட்டுட்டு அப்படியே உள்ள வராதேங்கோ, மடிக்கு ஆகாது" என்று கிணற்றடியில் வாளியைத் தயாராக வைத்துவிடுவாள். ஆனாலும் பெற்ற மனசு. ஒரு வெள்ளிக்கிழமை பாலாவுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியவள், பட்டையும் பாவம் காய்ந்துபோயிருக்கிறதே என்று அதற்கும் கை நிறையத் தேங்காய் எண்ணெயைத் தேய்த்துவிட்டாள். பட்டை ஊறி, நமுத்துப்போன அப்பளம் மாதிரி தொங்கிற்று. பட்டாபிராமன் திட்டவில்லை. அவள் தோலைத் தொட்டிருக்கிறாளே என்று உள்ளுக்குள் சந்தோஷம். "தலைக்குத்தான் அவ்வளவு எண்ணெய். தோலுக்குத் துணியில ஒத்தி, விளக்கெண்ணெய் ஒரு துளி போதும்" என்று மட்டும் சொன்னார்.

தொண்ணூற்று நாலில் பாலாவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. தாம்பரத்தில் அவள் டைப்பிஸ்டாக இருந்த ஆபீஸிலேயே வேலை பார்த்த பையன். இரண்டு வீட்டாரும், பெரியவர்கள் பார்த்து முடித்ததாகத்தான் வெளியே சொல்லிக்கொண்டார்கள்.

முகூர்த்தம் பேச வந்த தட்சிணாமூர்த்தி சாஸ்திரிகள்தான் குண்டைத் தூக்கிப் போட்டார். "ஹோம குண்டத்துக்கிட்ட தோலும் பூட்ஸும் கூடாது ஓய். கழட்டி வெச்சுட்டு, ரெண்டு பேர் ரெண்டு பக்கமும் தூக்கிப் பிடிச்சுண்டா சப்தபதி நடந்துடும்."

உள்ளேயிருந்து பாலா டக்டக்கென்று கம்பி சத்தத்தோடு வந்தாள். "என்னைத் தூக்கிண்டு போறதா இருந்தா எனக்குக் கல்யாணமே வேண்டாம்ப்பா. ஏழடியும் நானே வைப்பேன்."

அவள் பிடிவாதத்தில் ஒரு கணக்கு இருந்தது. சப்தபதியில் மாப்பிள்ளை பெண்ணின் வலது கால் கட்டைவிரலைப் பிடித்து அடி அடியாக எடுத்து வைப்பான். வலது கால் தரையை விட்டு எழும்போதெல்லாம் உடம்பின் பாரம் முழுக்க இடது காலில்தான் நிற்கும். காலிப்பர் இல்லாமல் அந்தக் காலால் ஒரு நொடிகூட நிற்க முடியாது.

பட்டாபிராமன் அப்போது ஒரு அசட்டுக் காரியம் செய்தார். கட்டில் நாடாவை மடித்துத் தைத்து, தோலே இல்லாத ஒரு காலிப்பரைச் செய்து முடித்தார். துணி காலைப் பிடிக்காது, நழுவும் என்று அத்தனை வருஷம் தோலோடு புழங்கியவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். மடி என்ற இரண்டெழுத்து கண்ணை மறைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஹாலில் ஒத்திகை பார்த்தார்கள். முதல் அடி வைத்தாள். இரண்டாவதில் நாடா முழங்காலுக்கு வழுக்கி, கம்பி திரும்பி, பாலா தரையில் விழுந்தாள். சின்ன வயசில் அழாத பெண் அன்று அழுதாள்.

"தெரிஞ்சே பண்ணினேளாப்பா?" என்று கேட்டாள்.

பட்டாபிராமன் சட்டையை மாட்டிக்கொண்டு நேரே ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்த சாஸ்திரிகள் வீட்டுக்குப் போனார்.

"வாத்தியாரே, பூணூல் கல்யாணத்துல பூணூல்ல மான் தோல் முடிஞ்சு விடறேளே, அது தோல் இல்லையா?"

"அது கிருஷ்ணாஜினம் ஓய். சாஸ்திரம் சொல்லியிருக்கு."

"அப்ப தோல்ல தோஷமில்லையே?"

சாஸ்திரிகளுக்கு எரிச்சல் வந்தது. "என்னை ஏன் ஓய் படுத்தறீர்? தெருவுல கண்டதையும் மிதிச்சுட்டு வந்ததை அக்னிக்குப் பக்கத்துல எப்படி வெக்கறது? எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

பட்டாபிராமன் அந்த ஒரு வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு திரும்பினார். தெரு.

ஜெபராஜிடம் சொல்லி முதுகுத் தோலாகவே வரவழைத்தார். வெட்டினார், விளிம்பைச் சீவினார், உள்பக்கம் மெல்லிய ஆட்டுத் தோல் வைத்துத் தைத்தார். ஈரப் பட்டையைப் பாலாவின் காலிலேயே கட்டி வளைவு எடுத்து, வெயில் படாமல் நிழலில் காயவைத்தார். பூட்ஸுக்குப் பதிலாக எருமைத் தோலை அடுக்கி ஒட்டி, கம்பி செருகுகிற மாதிரி ஒரு பாதம் செய்தார். எண்ணெய் ஒரு துளிகூட வைக்கவில்லை; புதுத் தோல் விறைப்பாக நிற்க வேண்டிய நாள் அது. அந்தப் பாதம் கிணற்றடி மண்ணில்கூடப் படவில்லை. முடிந்ததும் திரிபுரசுந்தரி ஷெட்டுக்கு வந்தாள். அதை வாங்கிப் புதுத் துணியில் சுற்றி, உள்ளே கொண்டுபோய்க் கூறைப்புடவைமேல் வைத்தாள். வாளி அன்று காலியாகவே கிடந்தது.

கல்யாணத்தன்று மண்டபத்துக்குள் மணையருகில்தான் அதைப் பூட்டிவிட்டார்கள். மடிசாரில் கணுக்கால் மறையாது. பாலா எழுந்து நின்றதும் பழுப்புப் பட்டை எல்லோர் கண்ணிலும் பட்டது. முன்வரிசையில் குசுகுசுவென்று பேச்சு எழுந்தது. சாஸ்திரிகள் மந்திரத்தை நிறுத்தினார்.

"என்ன ஓய் இது? கழட்டச் சொன்னேனே?"

"இது புதுசு வாத்தியாரே. தெருவுல பட்டதே இல்லை."

"செருப்பாட்டம் இருக்கே."

பட்டாபிராமன் கைகூப்பினார். "செருப்பு இல்லை வாத்தியாரே. அது அவ கால்."

சாஸ்திரிகள் குனிந்து அந்தக் காலைப் பார்த்தார். பிறகு பஞ்சபாத்திரத்தில் தர்ப்பையை நனைத்து, மந்திரம் சொல்லிக்கொண்டே பாலாவின் வலது காலில் தெளித்தார். அதே மந்திரத்தோடு இடது காலிலும், கம்பியிலும், தோலிலும் தெளித்தார்.

தைத்து முடித்த தோலில் தண்ணீர் படவிடாதே என்று காலனி முழுக்கச் சொல்லிச் சொல்லி ஓய்ந்தவர் பட்டாபிராமன். அன்றோ, தெளித்த நீரை உள்ளே இழுத்துக்கொண்டு தோல் பொட்டுப் பொட்டாகக் கருப்பதைப் பார்த்தபடி நின்றார். மாப்பிள்ளை குனிந்து விரலைப் பிடித்தான். பாலா வலது காலைத் தூக்கினாள்.